உபகாரமேரி வண்டி ஓட்டக் கற்ற கதை

விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் செய்யும் பட்டறை ஒன்றில் உபகாரமேரிக்கு வேலை. காய்ந்த மண் துண்டுகளை வெள்ளைக் கரைசலில் முக்கி எடுத்துச் சூளைக்கு அனுப்ப வேண்டும். பத்தொன்பது வருடமாக அதே வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராகத் தோழி சாதிகாவின் வீட்டுக்குப் போய்விடுவாள். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்தால் குரல் எதிரொலிக்காது என்று கண்டுபிடித்தவள் சாதிகாதான். அந்த பீரோவுக்கு முன்னால் உட்கார்ந்து இருவரும் ஒரே போனில் பேசிப் பதிவு செய்யும் பாட்காஸ்டின் பெயர் ‘கடுதாசி வந்திருக்குது’.

கடிதம்தான் வேண்டும் என்பது உபகாரமேரியின் பிடிவாதம். “வாய்ஸ் மெசேஜ் போட்டா அனுப்பிட்டு அழிச்சிடறாங்க. எழுதணும்னா நாலு தரம் யோசிப்பாங்க” என்பாள். அவள் சொன்னபடியே கடிதங்கள் வந்தன, குவைத்திலிருந்துகூட.

ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து ஒரு நாள் கமலம் என்பவர் எழுதியிருந்தார். அங்கன்வாடி ஆயா, ஐம்பத்திரண்டு வயது. பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கிறது, முட்டி வலி தாங்கவில்லை, மருமகள் ஸ்கூட்டி கற்றுக்கொள்ளச் சொல்கிறாள், இந்த வயதில் முடியுமா என்று கேட்டிருந்தார்.

உபகாரமேரிக்கு உற்சாகம் தாங்கவில்லை. “வயசாவது ஒண்ணாவது! தைரியமா கத்துக்கங்க கமலம்” என்று பத்து நிமிடம் பேசித் தள்ளினாள்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. ஒரே வரி. ‘நீங்கள் ஓட்டுவீர்களா?’

“இத வுட்டுடலாங்க்கா” என்றாள் சாதிகா.

“ஏன் வுடணும்? நம்மளத்தான கேக்கறாங்க?” உபகாரமேரி போனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு அந்த வரியை வாசித்தாள். “எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதுங்க. தெரியாம பேசிட்டேன். நாளையிலேர்ந்து கத்துக்கறேன்.”

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சாதிகாவின் ஸ்கூட்டி பட்டறைக்குப் பின்னாலுள்ள திடலுக்கு வந்தது. ஆறாம் நாள் உபகாரமேரி உடைசல் ஃபியூஸ் குவியலில் போய் விழுந்தாள். முழங்காலில் நாலு தையல். “யாருக்காகப் பண்ற இதெல்லாம்?” என்று கணவர் அமிர்தசாமி கோபித்துக்கொண்டார். தையல் பிரித்த மறுநாளே மறுபடி திடலில் நின்றாள். விழுந்ததையும் எழுந்ததையும் வாராவாரம் பாட்காஸ்டில் ஒளிக்காமல் சொன்னாள். “பிரேக் புடிக்கறப்ப ஆக்சிலேட்டர வுட்டுடுங்கம்மா, ரெண்டையும் சேத்துப் புடிக்காதீங்க” என்று குவைத்திலிருந்து ஜியாவுதீன் என்பவர் படம் வரைந்தே அனுப்பியிருந்தார்.

மூன்று மாதம் கழித்து, லைசென்ஸ் கைக்கு வந்த வாரம், சாதிகாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஸ்ரீமுஷ்ணம் போனாள். லாரி எதிரே வந்தபோதெல்லாம் சாதிகா அவள் தோளைக் கிள்ளினாள்.

கமலம் வாசலுக்கே ஓடி வந்தார். “நீங்களே ஓட்டிக்கிட்டு வந்தீங்களா!” என்று கையைப் பிடித்துக்கொண்டார். டீ கொடுத்த பிறகுதான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “நான் கத்துக்கலீங்க. எனக்கு வண்டின்னாலே பயம். இப்ப மினி பஸ்ஸு வுட்டிருக்காங்க, அங்கன்வாடி வாசல்லயே நிக்குது. நாங்க எட்டு பேரு சேந்து மனு குடுத்தோம்.”

சாதிகா மெல்ல உபகாரமேரியின் முகத்தைப் பார்த்தாள். அவளோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு அதையும் சொன்னாள். “அவங்க நடக்க முடியலன்னு எழுதியிருந்தாங்க. நான் வண்டியப் பத்தியே பேசிக்கிட்டிருந்தேன். கடுதாசிய ஒழுங்கா படிக்கலீங்க, தப்பு என்னுது. பஸ்ஸு கேட்டு மனு எப்படி எழுதறதுன்னு கமலத்துக்கிட்ட கேட்டுட்டு வந்திருக்கேன். பேனாவ எடுத்துக்கங்க, சொல்றேன்.”

அன்று அவள் நிதானமாக, ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை சொன்னாள். திட்டக்குடிப் பக்கத்திலிருந்து மட்டும் அந்த மாதம் பதினோரு பேர் அந்த மனுவை எழுதி அனுப்பியதாகக் கடிதம் போட்டார்கள்.