மூன்றாவது வரியில் பாஸ்வேர்டு

கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள். அவற்றின் மூன்றாவது வரியில் என் பாஸ்வேர்டை நானே தட்டிய மதியம் இன்னும் கண்ணில் நிற்கிறது. 1991. மறைமலை நகரில் பிரேக் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை. அதன் கம்ப்யூட்டர் அறையில் இரண்டே பேர்: புரோகிராம் எழுதும் நான், தரப் பரிசோதனை முடிவுகளைப் பதிவு செய்யும் அக்கா. உடன்பிறந்தவர் அல்ல. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து தினமும் ஒரே பஸ்ஸில் வருவோம். காய்ச்சல் கண்ட வாரம் எனக்குக் கஞ்சி கொண்டுவந்தவர்.

புரோகிராமைத் திருத்தி ஏற்றும் ஒவ்வொரு முறையும் அதற்கான மென்பொருள் கருவி பாஸ்வேர்டு கேட்கும். நான் அலுத்துக்கொள்வதைப் பார்த்து அக்காதான் சொன்னார்: "தெனம் பத்து தபா அடிச்சிக்கினு இருக்கியே, அந்த ஃபைல்லயே எழுதி வெச்சிடு. இங்க நாம ரெண்டு பேருதானே." கருவி தானாகவே படித்துக்கொள்ளும் அமைப்புக் கோப்பில் எழுதி வைத்தேன். அதே பாஸ்வேர்டால் பரிசோதனைப் பதிவேட்டையும் திறக்கலாம், திருத்தலாம்.

அண்ணன் கல்யாணத்துக்கு நான்கு நாள் லீவு போட்டேன். திரும்பிய மறுவாரம், நாங்கள் அனுப்பிய பாகங்களில் விரிசல் இருப்பதாகச் சொல்லி வாங்கியவர்கள் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினார்கள். பரிசோதனையில் கழித்துக்கட்டிய பாகங்கள் அவை. பதிவேட்டில் 'தேர்வு' என்று மாறியிருந்தன. திருத்தியவர் என்ற இடத்தில் என் பெயர்.

மேனேஜர் இருவரையும் கூப்பிட்டார். திருத்திய நாளில் நான் லீவில் இருந்ததைச் சொன்னேன். அக்கா மேசையைப் பார்த்தபடி, "எனக்கு இன்னா சார் தெரியும்? பாஸ்வேர்டெல்லாம் இந்தப் பொண்ணுதான் வெச்சிக்கினு இருந்தது" என்றார். எழுதி வைக்கச் சொன்னது தான்தான் என்று அடுத்து சொல்லிவிடுவார் என நினைத்து நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் சொல்லவில்லை.

"லீவு சரிம்மா. சாவிய கதவுலயே வெச்சிட்டுப் போனது யாரு?" என்றார் மேனேஜர். ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

பஸ் நிறுத்தம் வரை அக்கா பின்னாலேயே வந்தார். "அந்தப் பார்ட்டு செய்யற லைன் எங்க வூட்டுக்காரரு பொறுப்புல கீது. சரக்கு ரிஜெக்ட்டுனா அவர வேலைய விட்டே தூக்கியிருப்பாங்க. உன் பேரு வுழும்னு எனக்குத் தெரியாதுடி."

திருத்துபவர் பெயர் தானாகப் பதிவாகும் என்று பயன்பாட்டுக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன். அதை டைப் அடித்துக் கொடுத்ததே அக்காதான். வந்த பஸ்ஸில் தனியாக ஏறினேன்.

இப்போது ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் மென்பொருள் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. போன மாதம் ஒரு கருவியின் அமைப்புக் கோப்பில் பாஸ்வேர்டு அப்படியே கிடந்தது. அழித்தால் மட்டும் போதாது, யாரெல்லாம் ஏற்கெனவே படித்தார்களோ தெரியாது, பாஸ்வேர்டையே மாற்றுங்கள் என்றேன். அதை எழுதி வைத்த பெண்ணின் முகம் வாடிவிட்டது. "எங்கள்ல யாரையாவது சந்தேகப்படுறீங்களா மேடம்?" என்றாள்.

இல்லை என்றேன். உண்மைதான். அன்றைக்கும் நான் யாரையும் சந்தேகப்படவில்லை.