நவமணி ஒட்டிய நாற்பது லேபல்கள்

ஜெலுத்தோங்கிலிருந்து தினமும் தொழிற்சாலை பஸ்ஸில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குப் போகும் நவமணிக்குப் பதினேழு வருஷ சர்வீஸ். அவள் பெட்டியில் அடைப்பவை அரிசி அளவு குவார்ட்ஸ் துண்டுகள். மின்சாரம் பட்டால் அவை அதிரும். நொடிக்கு ஒருமுறை அதிர்ந்தால் ஒரு ஹெர்ட்ஸ். கடிகாரத்துக்குப் போகும் துண்டு 32.768 கிலோஹெர்ட்ஸ்; நொடிக்கு முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் தடவை. அதே எண்ணில் மெகாஹெர்ட்ஸ் துண்டும் உண்டு. அது ஆயிரம் மடங்கு வேகம். ஆனால் பெட்டி அடைக்கும் லைனில் இரண்டுக்கும் பெயர் "தேர்ட்டி டூ செவன்"தான். கிலோவா மெகாவா என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அன்று மூன்று மணிக்கு அவளுக்கு லீடர் வேலைக்கான இன்டர்வியூ. எட்டு வருஷமாகக் காத்திருந்தது.

"லீடர் ஆனா எங்கள மறந்துடாதீங்கலா, அக்கா," என்று கிண்டலடித்தான் சூப்பர்வைசர் அஸ்ஹர்.

"மொதல்ல நீ நேரத்துக்கு வா தம்பி, அப்புறம் பாக்கலாம்."

சிரித்துக்கொண்டே மேசையைத் துடைத்தவள், மிஞ்சிக் கிடந்த ஒரு லேபலைப் பார்த்து நின்றுவிட்டாள். மெகாஹெர்ட்ஸ். காலையில் அவள் அடைத்ததெல்லாம் கடிகாரத் துண்டுகள். கணினியில் ஒரு வரி தள்ளி அமுக்கியிருக்கிறாள். நாற்பது பெட்டி, எல்லாம் லோரியில் ஏறியாகிவிட்டது.

அதைவிட மோசம் இன்னொன்று. தலைவலி என்று பக்கத்து மேசை ராகினி கிளினிக் போயிருந்தபோது, அவள் பெயரில் திறந்திருந்த கணினியில்தான் நவமணி அந்த லேபல்களை அடித்தாள். விசாரித்தால் ராகினி பெயர்தான் வரும். ராகினி சேர்ந்து இரண்டு மாதம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு தப்பு போதும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நவமணி ஓடினாள்.

"தம்பி, லோரிய நிறுத்து! லேபல் தப்பு. அடிச்சது நான்."

அஸ்ஹர் கணினியைப் பார்த்தான். "ராகினி பேருதானே இருக்கு?"

"பேரு அவளோடது. கை என்னோடது. ரிப்போர்ட்ல அப்படியே எழுது."

"அக்கா... மூணு மணிக்கு இன்டர்வியூ."

"தெரியும்பா. எழுது."

 இன்டர்வியூ இந்த வருஷம் இல்லை என்றார் மேனேஜர். எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்.

நவமணி திரும்பி வந்தபோது நாற்பது பெட்டியும் மேசையில் இருந்தன. ராகினி அழுதுகொண்டே பழைய லேபல்களை உரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்காக ஏன்க்கா மாட்டிக்கிட்டீங்க?"

"உனக்காக ஒண்ணுமில்ல. தப்பு என்னோடது." நவமணி தன் ஸ்டூலை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அழாதடி. லேபல் நனைஞ்சா ஒட்டாது."