முழங்காலைத் தள்ளிப் பார்த்தவன்

எனக்குப் பொறுமை கிடையாது. தோசை வேகும் முன்பே திருப்பப் போய்க் கிழித்துவிடுகிற ஆள். தொண்ணூறுகளில் நாங்கள் மந்தைவெளியில் குடியிருந்தபோது, எங்கள் அல்சேஷன் மொட்டைமாடிப் படியில் தாவி இறங்கி, பின்னங்கால் முட்டியில் ஜவ்வை அறுத்துக்கொண்டது. மூன்று காலில் நொண்டியது.

அடையாறில் ஒரு நாய் டாக்டர். அதைச் சாய்த்துப் படுக்கவைத்து, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கீழ்க்கால் எலும்பை முன்னால் தள்ளினார். மேசை டிராயர் போல வழுக்கிக்கொண்டு வந்தது. "ஜவ்வு நல்லா இருந்தா இது அசையாது" என்றார். தூண்டில் நரம்பு போலத் தடித்த நைலானை மூட்டுக்கு வெளியே இழுத்துக் கட்டுவாராம். சுற்றியிருக்கிற சதை இறுகும்வரை, ஆறு வாரம், அந்த நைலான்தான் தாங்கவேண்டும். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது.

ஆபரேஷன் அன்று வராந்தாவில் நான் நடந்த நடைக்குத் திருவான்மியூரே போய்ச் சேர்ந்திருக்கலாம். கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார்.

"நாய் பாட்டுக்கு தூங்கிக்கினு கீது. நீ இன்னாத்துக்கு சார் பறக்குற?"

வீட்டில் ஓர் அறையில் அடைத்து வைத்தோம். மூன்றாவது வாரம் நாய் அந்தக் காலை லேசாக ஊன்றியது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. உள்ளே நைலான் இருக்கிறதா, அறுந்துவிட்டதா? மனைவி பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தக் கிளம்பியதும் அறைக்குள் போனேன். டாக்டர் செய்தது போலவே பிடித்துத் தள்ளினேன். அசையவில்லை. அந்த நிம்மதி மறுநாள் காபிவரைக்கும்தான் தாங்கியது. மறுபடி தள்ளினேன். அப்புறம் தினமும். நாய் முனகும். "ஒண்ணுமில்லடா, சும்மா பாக்கறேன்" என்பேன்.

பத்தாம் நாள் எலும்பு அசைந்தது. நாய் காலைத் தூக்கிக்கொண்டது. மனைவி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம்.

டாக்டர் ஒரு தடவைதான் தொட்டுப் பார்த்தார்.

"கட்டு தளர்ந்திருக்கு. ஓடவிட்டீங்களா?"

"ரூமை விட்டு வெளியவே விடல டாக்டர்" என்றாள் என் மனைவி.

சொல்லாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை. "நான்தான் தினம் தள்ளிப் பாத்தேன்... நீங்க பண்ண மாதிரியே."

"நாயைக் கட்டிப்போடச் சொன்னேன். உங்களைக் கட்டிப்போடச் சொல்லியிருக்கணும்" என்றார். இன்னும் ஆறு வாரம் யார் கையும் படாமல் இருந்தால் கட்டு பிழைக்கும், இல்லையென்றால் மறுபடி கத்திதான். ஆட்டோவில் திரும்பும்போது மனைவி நாயின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மறு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வெட்கத்தில் நானும் அடையாற்றுப் பாலத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த ஆறு வாரமும் அறைச் சாவி அவளிடம் இருந்தது. நான் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே நகம் தரையில் படும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கதவைத் திறந்துவிட்ட அன்று நாய் நான்கு காலையும் ஊன்றி, நேராகக் கூடத்துக்கு என்னிடம் வந்தது. வாலை ஆட்டியது. தலையைத் தடவிக்கொடுக்கத்தான் கையை நீட்டினேன். அது என் முன்னால் சாய்ந்து படுத்து, அந்தக் காலை என் பக்கம் நீட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டது.