‘கட்டம் கட்டமாய்’ யாரால் நின்றது

முனீர் என்று பெயர் சொன்னால் மேற்குத் தாம்பரத்தில் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. முடிச்சூர் சாலையில் வண்டிக்கு சீட் கவர் தைக்கிற பாய் என்றால் தெரியும். சானடோரியத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த காதர் மொய்தீனின் மூன்றாவது பிள்ளை அவன். தாய் வழியில் பல்லாவரத்தில் தோல் தொழில் பார்த்தவர்கள். அந்த வீட்டு ஜலீல் மாமா, கல்யாணமே கட்டாமல் கண்ணை மூடியவர், சம்பள நாளில் மருமகனுக்குத் தவறாமல் ஒரு படக்கதைப் புத்தகம் வாங்கி வருவார். அந்தப் பித்து அப்படி ஒட்டியதுதான். அண்ணன்மார் இருவரும் படித்து வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள். முனீர் எட்டாம் வகுப்போடு நின்று தையல் மிஷினில் உட்கார்ந்தான்.

சாஜிதாவைக் கட்டியது வாணியம்பாடியில். அவள் தம்பிகள் மூவரும் செருப்புக் கம்பெனி போட்டு மேலே வந்துவிட்டவர்கள். ஆகையால் அவள் வீட்டு விசேஷங்களில் முனீருக்குப் பந்தியில் இடம் உண்டு, பேச்சில் இடம் கிடையாது. அவன் வாயைத் திறந்தால் மச்சான்மார் போனை எடுத்துப் பார்ப்பார்கள்.

அவன் பேச்சுக்கு மரியாதை இருந்த இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் யூடியூபில் வரும் ‘கட்டம் கட்டமாய்’ என்ற நிகழ்ச்சி. நடத்தியவர் பெருங்களத்தூர் சுந்தரராமன், இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். தமிழில் எந்தக் காமிக்ஸ் வருகிறது, எது தள்ளிப்போகிறது, எந்தப் பழைய கதை மறுபதிப்பாகிறது என்று செய்தி வாசிப்பது போலவே கோட்டுப் போட்டுக்கொண்டு வாசிப்பார். மகன் அனிருத் படம் பிடிப்பான். கடைசியில் நேயர்கள் கேள்வி. அதில் எப்படியும் ஒருமுறை, “தாம்பரத்திலேர்ந்து நம்ம முனீர் பாய் கேட்கிறார்” என்று வரும். அந்த ‘நம்ம’வுக்காக முனீர் வாரம் முழுக்க ஊசி குத்துவான்.

அது நிற்கப்போகிறது என்ற சேதி ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. சுந்தரராமனே போன் செய்தார். பையன் வேலை கிடைத்து பெங்களூருக்குப் போகிறான், பார்க்கிறவர்களும் குறைந்துவிட்டார்கள், தனக்கும் அலுத்துவிட்டது என்றார். முதலில் பாய்க்குத்தான் சொல்வதாகவும், மற்றவர்களுக்குத் தானே நாளை சொல்லிக்கொள்வதாகவும், அதுவரை வெளியே மூச்சுவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். முனீர் சரி என்றான்.

சரி என்றானே தவிர மனசு ஆறவில்லை. ரசிகர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் விஷயத்தைச் சொல்லாமல் துக்கத்தை மட்டும் இறக்கி வைப்பதாக நினைத்துக்கொண்டு, ‘நம்ம சுந்தரராமன் சார்... இன்னாலில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்’ என்று போட்டான். அவன் வீட்டில் கண்ணாடித் தம்ளர் கை நழுவினாலும் அதைத்தான் சொல்வார்கள். மழையில் கொடியிலிருந்த துணி நனைந்தாலும் சாஜிதா அதைத்தான் சொல்வாள். எல்லாம் இறைவனுடையது, அவனிடமே போகிறது என்று எந்த இழப்புக்கும் சொல்லுகிற சொல் அது. ஆனால் குழுவிலிருந்த மற்றவர்கள் அதைப் பார்த்திருந்தது இரங்கல் சுவரொட்டியில் மட்டும்தான். இது முனீருக்குத் தோன்றவே இல்லை. ஜும்ஆ தொழுகைக்கு பாங்கு சொல்லிவிட்டார்கள். போனை அணைத்து மேஜை டிராயரில் போட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்கு நடந்தான்.

தொழுகை முடிந்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து, மாலையில் அவன் கடைக்குத் திரும்பிப் போனை எடுப்பதற்குள் குழுவில் சுந்தரராமன் செத்து, மாலை போட்டு, விளக்கேற்றி ஆகிவிட்டது. படத்துக்கு மாலை போட்டவன் குரோம்பேட்டை கிரீஷ். கம்ப்யூட்டர் வேலைக்காரன், குழுவை நடத்துகிறவனும் அவனே. சேலையூர் பள்ளிக்கூடத்து டீச்சர் எப்சி, சார் பரலோகத்திலும் செய்தி வாசிப்பார் என்று நாலு வரி எழுதியிருந்தாள். பாய் சொன்னால் விசாரிக்க வேண்டியதில்லை என்பது குழுவில் எழுதாத சட்டம். அன்றைக்கு அந்த மரியாதைதான் அவனைக் கவிழ்த்தது.

அழுது முடித்த கையோடு கிரீஷ், சுந்தரராமனின் மனைவி ரமாவுக்குப் போன் செய்தான்.

ரமா சுந்தரராமனுக்குச் சொந்த அத்தை மகள். இருவரும் சிறு வயதிலிருந்தே ஒரே சிரிப்புச் சிரித்து வளர்ந்தவர்கள். போன் வந்தபோது செத்தவர் எதிரே உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் கேட்டது. “ஆன்ட்டி, இந்த நேரத்துல கேக்கறது தப்புதான். சாரோட புக்ஸை மட்டும் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடாதீங்க. நானே வண்டி எடுத்துட்டு வரேன்.”

ரமா பதறிப்போய், அவர் இருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தாள். சுந்தரராமன் எச்சில் கையால் வேண்டாம் என்று சைகை காட்டினார். அப்புறம் அன்று மாலை வரை வந்த ஒவ்வொரு போனையும் அவர் பக்கத்திலிருந்து கேட்டார். யாரும் எப்படிச் செத்தார் என்று கேட்கவில்லை. எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. முதல் பதிப்புகள் எந்த அலமாரியில் என்று கேட்டார்கள். கிரீஷுக்குக் கொடுத்துவிடாதீர்கள், அவன் விற்றுவிடுவான் என்று எச்சரித்தார்கள். எப்சி டீச்சர் மட்டும் ஜெபம் பண்ணிவிட்டு, அதன்பிறகு கேட்டாள்.

பொழுது சாய்ந்ததும் சுந்தரராமன் கோட்டைப் போட்டுக்கொண்டு காமிராவுக்கு முன்னால் உட்கார்ந்து, தன் சாவுச் செய்தியைத் தானே வாசித்தார். யார் யார் எந்தப் புத்தகம் கேட்டார்கள் என்று பெயரோடு வாசித்தார். கடைசியில், “என்னைக் கொன்னது தாம்பரம் முனீர் பாய்” என்று சொல்லிச் சிரித்தார். நிகழ்ச்சி ஆரம்பித்த நாளிலிருந்து அவ்வளவு பேர் அதைப் பார்த்ததில்லை. காமிக்ஸ் என்றால் என்னவென்றே தெரியாத ஜனமெல்லாம் பார்த்தது.

ஞாயிறன்று முனீர் பழமும் கையுமாகப் பெருங்களத்தூருக்கு மன்னிப்புக் கேட்கப் போனான். ஆனால் கதவைத் திறந்த சுந்தரராமன் அலுத்துப்போன மனுஷர் மாதிரி இல்லை. கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தார். தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துப்போனார்.

நிகழ்ச்சியை நிறுத்தப்போவதில்லை என்றார். அனிருத் பெங்களூரிலிருந்தே வெட்டி ஒட்டித் தருகிறானாம். புதிதாக ஒரு பகுதி சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. வருகிறது வருகிறது என்று சொல்லி வராமலே போன புத்தகங்களுக்கு வாராவாரம் சாவு அறிவிப்பு. அதைப் பக்கத்தில் உட்கார்ந்து அறிவிக்கப்போவது முனீர். தொப்பி போட்டு, முகத்தை அதே துக்கத்தோடு வைத்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

முனீருக்கு முதலில் காதில் விழுந்தது ‘பக்கத்தில் உட்கார்ந்து’ என்பதுதான். வாணியம்பாடி மச்சான்மார் போனை எடுத்தால் அதில் தன் முகமே வரும் என்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டான். அப்புறம்தான் மற்றது விழுந்தது.

“வேற எது வேணா சொல்றேன் சார். அத மட்டும் சிரிக்கிறதுக்குச் சொல்ல வராது.”

“நீங்கதானே பாய் அதைப் போட்டீங்க?”

“அது மெய்யாலுமே துக்கத்துல போட்டது சார். எங்க அத்தா ஆஸ்பத்திரில கண்ண மூடி மவுத்தானப்போ பக்கத்துல நான் ஒருத்தன்தான் இருந்தேன். அண்ணனுங்க வரல. நான்தான் சொன்னேன்.”

ரமா காபியை வைத்துவிட்டு, அவர் வேண்டாமென்றால் விட்டுவிடலாமே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். சுந்தரராமன் அவள் பக்கம் திரும்பவில்லை. கோட்டு பட்டனைத் திருகிக்கொண்டே இருந்தார்.

“அப்போ நிகழ்ச்சி இல்லை பாய். நான் நிறுத்தலை, நீங்க நிறுத்தறீங்க. எல்லாருக்கும் அப்படியே சொல்லிடறேன்.”

சொன்னபடியே சொன்னார். யூடியூபில் இரண்டே வரி போட்டார். ‘கட்டம் கட்டமாய்’ புதுப் பொலிவோடு தொடர இருந்தது. முனீர் பாய் ஒத்துழைக்காததால் முடிந்தது. அலுத்துப்போனது, ஆள் குறைந்தது எல்லாம் அந்த இரண்டு வரியில் இல்லை. யாருக்கும் சொல்லாமல் முனீரிடம் மட்டும் சொன்ன காரணங்கள் அவை. இப்போது அவன் சொன்னால் யார் நம்புவார்கள்?

அடுத்த ஞாயிறு தாம்பரம் ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் குழு கூடியது. முதலில் கெஞ்சினார்கள். ஒரு சொல்தானே, அல்லா கோபித்துக்கொள்ள மாட்டார் என்று அல்லா சார்பில் கிரீஷ் உத்தரவாதம் கொடுத்தான். தானும் அல்லேலூயாவைத் தமாஷுக்குச் சொல்வதுண்டு, அதனால் தன் விசுவாசம் குறைந்துபோகவில்லை என்றாள் எப்சி. முனீர் டீ ஆறிப்போக உட்கார்ந்திருந்தான். கெஞ்சல் கொஞ்ச நேரந்தான்.

“இன்னா பாய், நீ பெரிய ஹஜ்ரத்தா?” என்றான் கிரீஷ். “அஞ்சு வேளை தொழறவன் சொன்னாலும் ஒத்துக்கலாம். வாரத்துக்கு ஒருக்கா பள்ளிக்குப் போற ஆளு. சார் ஒனக்குப் பேர் வாங்கிக் குடுத்தாரு. வேற எவன் கீறான் ஒன்னக் கூப்பிட்டு வச்சுப் பேச?”

அது உண்மையாக இருந்ததுதான் தொல்லை. முனீர் ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்தான். எழுந்து காசு கொடுக்கப் போனபோது, கடைக்காரர் எல்லாருக்கும் சேர்த்துக் கொடுத்தாயிற்று என்றார். திரும்பிப் பார்த்தால் யாரும் அவன் பக்கம் பார்க்கவில்லை. வீடு போய்ச் சேருவதற்குள் குழுவிலிருந்து அவனை எடுத்துவிட்டிருந்தார்கள். இனி ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கவாவது வீட்டில் ஆள் இருக்கும் என்றாள் சாஜிதா.

நிகழ்ச்சி நின்றால் ரசிகர்கள் ஒரு மாதத்தில் கலைந்துவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். கலையவில்லை. பேச ஆள் கிடைத்துவிட்டான். எப்போதோ எடுத்த படத்தில் சமோசா மென்றபடி வானத்தைப் பார்க்கிற முனீரின் முகத்தை கிரீஷ் வெட்டி ஸ்டிக்கர் ஆக்கினான். முனீர் சொல்ல மறுத்த அந்தச் சொல்லையே அடியில் போட்டான். பஸ் போய்விட்டால் அதை அனுப்பினார்கள். பிரியாணியில் முட்டை இல்லையென்றால் அனுப்பினார்கள். கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்தால் நூறு பேர் அனுப்பினார்கள். காமிக்ஸ் செய்தியை யாரும் தேடவில்லை. குழு முன்னைக்கு இப்போது இரண்டு பங்கு.

ஸ்டிக்கர் என்பது ஒரு குழுவோடு நிற்கிற சாமான் இல்லையே.

முனீரின் மூத்த மகள் நிகத் பொத்தேரியில் கல்லூரிக்குப் போகிறாள். தகப்பன் முகத்தில் பாதி அவளுக்கு, அதே நெற்றி, அதே மூக்கு. ஒருநாள் ரயில் இறங்கி நேரே கடைக்கு வந்தாள். வாடிக்கைக்காரர் வண்டி வெளியே நின்றது. முனீர் பழைய ரெக்சினைக் கிழித்துக்கொண்டிருந்தான். அவள் பையைக்கூடக் கழற்றவில்லை.

“கிளாஸ்ல ஒரு பொண்ணு ஒங்க ஸ்டிக்கர் அனுப்புனா அத்தா. எல்லாரும் சிரிச்சாங்க. உன்ன மாதிரியே கீறாரே, ஒங்க சொந்தமான்னு கேட்டா.”

முனீர் கத்தரிக்கோலை வைத்தான்.

“இன்னா சொன்ன?”

“யாரோ தெரியலன்னு சொல்லிட்டேன்.”

ரெக்சின் தூள் கண்ணில் விழுந்தாற்போல அவன் இமையைத் தேய்த்தான். பிறகு, அப்படியே சொல், இனி யார் கேட்டாலும் அதையே சொல் என்றான். நிகத் தலையை ஆட்டினாள். ரோட்டைக் கடந்து வீட்டுப் பக்கம் போனாள். வாடிக்கைக்காரர் சீட் எப்போது கிடைக்கும் என்று இரண்டாம் முறையாகக் கேட்டார்.