காலை எடுக்காத தணிகாசலம் அண்ணன்

செய்தி வந்தபோது நான் அவருக்காகத்தான் ஒரு கேபிளைத் தேடிக்கொண்டிருந்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. திண்டிவனத்திலிருந்து கீபோர்டோடு பஸ் ஏறி, விழுப்புரத்தில் என் ஒலிப்பதிவு அறைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். போனில் அவருடைய மனைவி அஞ்சலை அண்ணி. "தம்பி, உங்கண்ணன் பூட்டாருப்பா. காலைல காப்பி குடிச்சிக்கினு இருந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு." கேபிளைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டேன்.

கீபோர்டு தணிகாசலம் என்றால் எங்கள் பக்கத்துத் திருவிழாக்காரர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கெடாரில் பயிர்வைக்கும் குடும்பத்தில் பிறந்து, வேலைக்காகத் திண்டிவனம் வந்து அங்கேயே குடித்தனமும் ஆனவர். மெல்லிசைக் குழுவில் அவர் கீபோர்டு, நான் ஒலியைக் கலந்து சரிசெய்யும் மிக்சர் வேலை. மேடையில் அவரை யாரும் பார்க்க மாட்டார்கள். பாடுகிறவரைப் பார்ப்பார்கள், ஆடுகிறவரைப் பார்ப்பார்கள். அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. "என்ன பாத்து என்னப்பா பண்ணப் போறாங்க, காது இருக்குது இல்ல?" என்பார்.

அவருடைய கீபோர்டு பழையது, கனமானது. அதைப் பஸ்ஸில் மடியில் குறுக்கே வைத்துக்கொண்டுதான் வருவார். ஒருமுறை கண்டக்டர், "இதுக்கும் ஒரு டிக்கெட்டு போடணும்ண்ணே" என்றார். "போடுங்க. என்னவிட அதுதான் நல்லா சம்பாதிக்குது" என்றார் இவர். பஸ்ஸே சிரித்தது.

அந்தக் கீபோர்டுக்குள் அவரே கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி உருவாக்கிய ஓசைகள் இருந்தன. வயலின் கூட்டம் போல ஒன்று. அழுத்தினால் எங்கோ தூரத்தில் எழுந்து நம்மிடம் வந்து சேரும். அதற்கு மனைவியின் பெயரையே வைத்திருந்தார். "ஊரு ஊரா போயி பொண்டாட்டி பேரத்தான் அமுக்கிக்கினு இருக்கேன்" என்று அவரே கிண்டல் செய்துகொள்வார். கீபோர்டுக்குள்ளிருக்கும் சின்ன பேட்டரி சோர்ந்துவிட்டது, ரொம்ப நாள் போடாமல் வைத்தால் இந்த ஓசையெல்லாம் அழிந்துபோகும் என்ற பயமும் அவருக்கு இருந்தது. மாற்றிவிடுங்கள் என்றால், மாற்றும்போது அழிந்துவிட்டால் என்ன செய்வது என்பார். என்ன மனுஷர்!

வாழ்நாளெல்லாம் பிறர் மெட்டுகளை வாசித்தவர், போன மாதம் திடீரென்று சொந்த மெட்டு ஒன்றோடு வந்தார். அண்ணி பொம்மையார்பாளையத்து மீனவர் வீட்டுப் பெண். புதுசாகக் கல்யாணமானபோது அந்தக் கரையில் இருவரும் உட்கார்ந்திருந்த மாலையைத்தான் மெட்டாக்கியிருந்தார். "அவகிட்ட சொல்லிடாத. முடிச்சிட்டு ஒரேயடியா போட்டுக் காட்டணும்."

எங்கள் வேலைமுறை இப்படி: முதலில் மிடி. அதில் ஓசை பதிவாகாது. எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு பலமாக அழுத்தினார், காலடியிலுள்ள பெடலை எப்போது மிதித்தார், எப்போது விட்டார் என்பது மட்டும் கம்ப்யூட்டருக்குள் போகும். ஓசை கீபோர்டிலேயே இருக்கும். பிழையெல்லாம் திருத்தி முடித்தபின் கம்ப்யூட்டர் அந்தக் கீபோர்டையே மறுபடி வாசிக்க வைக்கும். அப்போது கேபிள் வழியாக ஓசையை இறக்கிக்கொள்வோம்.

அண்ணனுக்கு ஒரு கெட்ட பழக்கம். கடைசிக் கட்டையை அழுத்தியதும் இடது கையை நீட்டி என் கம்ப்யூட்டரை அவரே நிறுத்திவிடுவார். கால் பெடலிலேயே இருக்கும். கம்ப்யூட்டருக்கு அவர் காலை எடுத்ததே தெரியாது. திருப்பிப் போட்டால் கடைசி ஸ்வரம் நிற்காமல் போய்க்கொண்டேயிருக்கும். "கால எடுத்துட்டு நிறுத்துங்கண்ணே!" என்று ஒவ்வொரு தடவையும் கத்துவேன். "நீதான் இருக்கியே, எடுத்துடு" என்பார். நானும் திருத்திவைப்பேன். இந்தச் சொந்த மெட்டை வாசித்துப் பதிந்த அன்றும் அப்படித்தான் நிறுத்தினார். "ஜல்தி, பஸ்ஸு போயிடும். சவுண்ட வெள்ளிக்கிழமை வந்து எறக்கிக்கலாம்" என்று கீபோர்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் அவரைப் பார்த்தது அதுதான் கடைசி.

அடக்கம் முடிந்து வந்து அந்த மெட்டை வேறு ஓசைகளில் போட்டுப் பார்த்தேன். விரல் அவருடையது, குரல் யாரோ ஒருவருடையது. கேட்கச் சகிக்கவில்லை. அண்ணியிடம் விஷயத்தைச் சொல்லிக் கீபோர்டைக் கேட்டேன். அதை அண்ணன் போட்டோ பக்கத்தில் வைத்து விளக்கேற்றியிருந்தார்கள். "காரியம் முடியற வரைக்கும் அது வீட்ட வுட்டுப் போவக் கூடாதுப்பா. அன்னிக்கு நீயே வந்து இங்கயே போடு." நான் அவர்களை மீறவில்லை. ஆனால் அந்தச் சோர்ந்த பேட்டரி அதுவரை தாங்குமா என்று நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

காரியத்தன்று லேப்டாப்போடும் அந்தக் கேபிளோடும் திண்டிவனம் போனேன். பெடலையும் கேபிளையும் மாட்டிக் கீபோர்டைப் போட்டேன். சின்னத் திரையில் அண்ணியின் பெயர் வந்தது. அப்பாடா! ஓசையை லேப்டாப்பில் இறக்கிக்கொள்ள வைத்துவிட்டு, மெட்டை ஓடவிட்டேன்.

கட்டை ஒன்றும் அசையவில்லை. ஆனால் அண்ணன் வாசித்தார். இடது கை மெல்ல ஏறி இறங்கியது. வலது கை அவருக்கே உரிய அந்தத் தயக்கத்தோடு, கொஞ்சம் பிந்தி வந்து சேர்ந்தது. அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "எங்க ஊரு கரைடா இது" என்றார்கள்.

மெட்டு முடிந்தது, ஓசை முடியவில்லை. கடைசி ஸ்வரங்கள் வீடு முழுக்க நின்றுகொண்டேயிருந்தன. பேட்டரிக் கவலையில் அதைத் திருத்தாமலே கொண்டுவந்திருந்தேன். நிறுத்தப் போன என் கையை அண்ணி பிடித்துக்கொண்டார்கள்.

"ஏம்பா நிக்க மாட்டேங்குது?"

"அண்ணன் பெடல்ல இருந்து கால எடுக்காமலே போயிட்டாரு, அண்ணி."

"எப்பவும் பஸ்ஸுக்கு ஓட்டந்தான் அந்தாளுக்கு" என்று சொல்லும்போதே அழுதுவிட்டார்கள். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "எதுப்பா அது?" என்று கேட்டு, பெடலின் மேல் தன் காலை வைத்து மிதித்து, மெதுவாக எடுத்தார்கள். ஓசை அடங்கியது.

அதெல்லாம் பதிவாகியிருக்கிறது அண்ணே. அந்த முடிவை நான் திருத்தப் போவதில்லை. நீங்கள் சொன்ன வேலை முடிந்துவிட்டது, அண்ணியும் கேட்டுவிட்டார்கள். இனி ஜல்தி ஒன்றும் இல்லை. நிதானமாகப் போங்கள்.