காஞ்சிபுரத்துக்கு எக்ஸ்ரே பற்றிப் பேசப் போனேன்

எழுபதுகளின் தொடக்கம். சென்னையில் வேதியியல் விரிவுரையாளராக இருந்தேன். விண்வெளியில் தண்ணீரும் அம்மோனியாவும் இருப்பது தெரியவந்த புதிது. அதைப் பற்றிப் பேச யார் கூப்பிட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். காஞ்சிபுரத்துக்குப் போனதும் அப்படித்தான். பஸ்ஸில் எழுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். ஜன்னல் சீட்டு கிடைத்தால் பாக்கியம்.

பட்டு நெய்யும் ஏகாம்பரம் வீட்டில் தங்கினேன். அவர் மனைவி கமலா என் பள்ளித் தோழி. இரண்டு மாதமாக அவளுக்கு இருமல். காசநோயா என்று பார்க்க மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருந்தார்கள்.

அன்று மாலை பஜனைக்கூடத்தில் பேசினேன். கேட்க வந்தவர்கள் முக்கால்வாசி நெசவாளர்கள். "விண்வெளியில் இருக்கும் தண்ணீர் மேல் எக்ஸ்ரே பட்டால், அது அணுவின் உள்ளே இருக்கும் எலக்ட்ரானைத் தட்டிவிடும். அந்த இடத்துக்கு வெளியே இருப்பது ஒன்று இறங்கும்போது இன்னொன்று தெறித்து ஓடும். எலக்ட்ரானை இழந்த அணுக்கள் ஒன்றையொன்று தள்ளும். தறியில் பாவு இழை அறுந்த மாதிரி தண்ணீர் மூலக்கூறு சிதறிவிடும்" என்றேன். ஒரே கைதட்டல். எனக்குத் தலைகால் புரியவில்லை.

காலையில் கமலா கிளம்ப மறுத்துவிட்டாள்.

"நான் வரலமா. தறியில இழை அறுந்தா முடிச்சுப் போட்டுக்கலாம். நெஞ்சுக்குள்ள அறுந்தா யாரு போடுவா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தண்ணியே உடைஞ்சி பூடும்னு நீங்கதானே சொன்னீங்க? ராத்திரி பூரா அழுதுக்கினு இருந்தா" என்றார் ஏகாம்பரம்.

விண்வெளியில் எக்ஸ்ரே காலகாலமாகப் பட்டுக்கொண்டே இருக்கிறது, இங்கே கண்சிமிட்டும் நேரம்தான், அந்தச் சேதத்தை உடம்பே சரிசெய்துகொள்ளும் என்று கெஞ்சினேன். அவள் அசையவில்லை. நோயை இப்படியே விட்டால் இவள் செத்துப்போவாளே என்று எனக்குப் பயம்.

"முதல்ல நான் நிக்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆகலன்னா நீ நில்லு" என்றேன்.

தயங்கித் தயங்கி வந்தாள். நான் நின்றேன், பிறகு அவள் நின்றாள்.

டாக்டர் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "காசநோய்தான். ஆரம்பமா இருக்குது, பயப்படாதீங்க, குணமாயிடும்."

கமலாவின் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"அவங்களுக்கு இல்லமா, அவங்களுக்கு வெறும் மார்ச்சளி. இது உங்க படம்."

ஒரு இருமல்கூட இல்லாத எனக்கா! நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கமலாதான் என்னை பஸ் ஏற்றிவிட்டாள். ஒன்றரை வருடம் மருந்து சாப்பிட்டேன்.

காஞ்சிபுரம் போகிறவர்கள் கோயில்களை மதியம் பன்னிரண்டுக்குள் பார்த்துவிடுங்கள், பிறகு நடை சாத்திவிடுவார்கள். டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். அன்றைக்குக் கமலா மட்டும் பயப்படாமல் போய் நின்றிருந்தால், இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.