திங்கள் தங்கச்சி, செவ்வாய் அக்கா

எனக்குக் காரட் பொரியல் பிடிக்காது என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. காரட் பாவம், அதன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. போன வாரம் ஒட்டன்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், மார்க்கெட் வாசலில் லாரியிலிருந்து காரட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஈரச் சாக்கும் மலைமண்ணும் கலந்த அந்த வாசனை வந்தது பாருங்கள், எனக்கு அப்படியே எரிச்சல் மண்டைக்கு ஏறிவிட்டது. "என்னம்மா, மூஞ்சி இப்படிப் போகுது?" என்றாள் மகள். நடுரோட்டில் நின்று சொல்கிற கதையா அது? உங்களுக்குச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் பள்ளங்கி என்ற மலைக்கிராமத்துக்கு மேலே ஒரு சரிவில் அரசாங்கத்தின் மாற்றுப்பள்ளி ஒன்று இருந்தது. தோட்டவேலைக்குப் போய்ப் படிப்பை விட்ட பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்து, ஐந்தாம் வகுப்புத் தரத்துக்குக் கொண்டுவந்து, டவுன் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்துவிட வேண்டும். தேறினால் ஹாஸ்டலும் உண்டு. ஒரு தகர ஷெட், நாலைந்து பாய், ஒரே டீச்சர். அந்த டீச்சர் நான்தான். டவுனில் இருக்கிற நாயுடுபுரத்திலிருந்து புது கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு, மலையையே படிக்கவைத்துவிடப் போகிற மிதப்பில் போனேன். முதல் நாளே சேற்றில் வழுக்கிச் சப்பென்று உட்கார்ந்தேன். பிள்ளைகளுக்கு என்மேல் பிரியம் வந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகள் யார் யார் என்று ஆபீஸில் ஓயாமல் கேட்பார்கள். என்ன சாதி, என்ன மதம், ஆண் எத்தனை, பெண் எத்தனை. பாதிப் பேர் சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள். மற்றவர்கள் உள்ளூர்க் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள், மிஷன் பங்களாக்களில் சமையல் பார்த்தவர்களின் பிள்ளைகள். கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். எந்தப் பிள்ளை காரட் கழுவுகிறது, எது மூட்டை பிடிக்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் நடந்ததே அதைப் பொறுத்துத்தான்.

தவமணி, புஷ்பா என்று அக்காவும் தங்கையும். இருவர் பேரும் பள்ளியில் உண்டு, ஆனால் ஒருநாள் ஒருத்திதான் வருவாள். என்ன சோலி என்று பார்க்க வீட்டுக்கே போனேன். அவர்கள் அம்மா பெருமாயி சிலோன் தோட்டத்தில் பிறந்தவர். "தேத்தண்ணி குடிங்க" என்று டம்ளரை நீட்டிவிட்டுச் சொன்னார்: "வூட்டுக்கு ஒரு ஆளு வருதுதானே டீச்சரம்மா. அங்க தோட்டத்துல ஒருத்தருக்கு ஏலாட்டி வூட்டுல இன்னொருத்தரு போய் நிப்போம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

திங்கள், புதன், வெள்ளி காரட் ஏற்ற ஒட்டன்சத்திரத்து லாரி வரும். மூட்டை பிடிக்கத் தெம்புள்ள தவமணி அன்றைக்கெல்லாம் தோட்டத்தில் இருந்தாக வேண்டும். புஷ்பா பள்ளிக்கு வருவாள். செவ்வாயும் வியாழனும் புஷ்பா காரட் கழுவப் போவாள், தவமணி பள்ளிக்கு வருவாள். ஆபீஸ் அனுப்பிய பாட அட்டவணையில் திங்கள், புதன், வெள்ளி தமிழ். செவ்வாய், வியாழன் கணக்கு. விளங்கியதா? அரைப்பரீட்சை வருவதற்குள் புஷ்பா பஜ்ஜி மடித்த பேப்பரைக்கூட கடகடவென்று வாசித்தாள். ஏழெட்டு எவ்வளவு என்றால் தகரக் கூரையைப் பார்ப்பாள். தவமணி வாய்க்கணக்காகவே வகுத்தல் போட்டாள். தன் பேரை எழுதச் சொன்னால் வியர்த்துப்போவாள்.

தினமும் ரெண்டு பாடமும் நடத்திக்கொள்கிறேன் என்று ஆபீஸில் கேட்டேன். "அட்டவணை மேலருந்து வர்றதுங்க டீச்சர். நீங்க புள்ளைகள மாத்திப் பாருங்களேன்" என்றார்கள். தோட்டக்காரரிடம் போனேன். "லாரி என் சொல்லக் கேட்டா வருது? நீங்க பாடத்த மாத்துங்க டீச்சர்" என்றார். அட்டவணையை மீறியும் பார்த்தேன். ஒரு புதன்கிழமை கணக்கு நடத்துகையில் மேற்பார்வையாளர் வந்து நின்றார், மெமோ வந்தது. அங்கேயும் இங்கேயும் நடந்து ஷூ வாயைப் பிளந்ததுதான் மிச்சம். எனக்கு அழுகையாக வரும். அழுதால் பிள்ளைகள் சிரிப்பார்களே என்று அடக்கிக்கொள்வேன்.

வருஷக் கடைசியில் பிள்ளைகளைச் சோதிக்க ஓர் அதிகாரி வந்தார். அக்காவும் தங்கையும் முதல்முறையாக ஒன்றாகப் பள்ளிக்கு வந்து, ஒரே பாயில் ஒட்டி உட்கார்ந்தார்கள். அதிகாரி நீட்டிய கணக்கைப் புஷ்பா கணீரென்று வாசித்தாள். வாசித்து முடிக்குமுன் தவமணி விடை சொன்னாள். அவர் சிரித்தேவிட்டார். அடுத்த கணக்குக்கும் அப்படித்தான். அப்புறம், "பாப்பா, நீ அந்த மூலையில போய் உக்காரு" என்று புஷ்பாவைப் பிரித்தார். பிறகு நடந்ததை நான் சொல்லவும் வேண்டுமா?

"ரெண்டும் சேந்து எல்லாத்துக்கும் பதில் சொல்லுச்சுகளே சார்" என்றேன்.

"புரியுதுங்க டீச்சர். நான் யாரு பேர்ல மார்க் போட?"

கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். ஆத்திரப்படக்கூட ஓர் ஆள் அகப்படவில்லை.

சாயங்காலம் பெருமாயி மண்கையோடு வந்தார். இரண்டு பேருமே தேறவில்லை என்று சொன்னேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "எங்க தோட்டத்துல பாதிநாள் வேல செஞ்சா அரைப் பேரும்பாங்க. ரெண்டு அரைப் பேரு சேந்தா ஒரு முழுப் பேரு, ஒரு நாள் சம்பளம். ரெண்டுல ஒண்ணையாவது ஆறாப்புக்கு எடுத்துக்கச் சொல்லுங்க டீச்சரம்மா. எது போறதுன்னு நாங்க பேசிக்கிறோம்" என்றார்.

பின்னால் நின்ற தவமணி, "அவ போகட்டும் டீச்சர். நான் போயிட்டா மூட்டைய யாரு பிடிக்கிறது?" என்றாள்.

ஒருத்தியையும் எடுக்கவில்லை. மறுவருஷம், தரம் போதவில்லை என்று பள்ளியையே மூடினார்கள். தரமாம். பெருமாயி குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அவர்கள் இருந்த தோட்டத்து வரிசை வீடுகளும் ஒவ்வொன்றாகக் காலியாயின.

போன வருஷம் அந்தப் பக்கம் போனேன். சரிவு முழுக்க ஹோம்ஸ்டே. தகர ஷெட் இருந்த இடத்தைச் சமப்படுத்தித் தார் போட்டிருக்கிறார்கள். ஒரு மஞ்சள் ஸ்கூல் பஸ் மேலே ஏறி அங்கே வந்தது. பரவாயில்லையே, இங்கே இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று டிரைவரிடம் கேட்டேன்.

"இங்க ஏது புள்ளைங்க? வண்டி திருப்பத் தோதான இடம் இதுதாங்க" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக்கொண்டு போனார்.